பழைய இரும்பில் நல்ல கத்தி: ஆற்றுதலும் தோய்ச்சலும்

கத்தியும் அரிவாளும் புழங்காத உழவர் வீடு இல்லை. வாழைத்தார் வெட்டுவதற்கும், கரும்பு தறிப்பதற்கும், ஆட்டுக்குத் தழை அறுப்பதற்கும், அடுக்களையில் கறிகாய் நறுக்குவதற்கும் தனித்தனியே ஒவ்வொன்று வேண்டும். தறியில் அமர்ந்திருக்கும் நெசவாளர்க்கும் அவ்வாறே. முடிச்சின் மிகுதியை நறுக்கவும், நெய்து முடித்த துணியைப் பாவிலிருந்து அறுத்தெடுக்கவும் கூரிய சிறு கத்தி ஒன்று கையருகில் இருந்தாக வேண்டும்.

இவ்வளவு இன்றியமையாத கருவி நம் கையில் எவ்வாறு இருக்கிறது? ஒரு கத்தி பத்து நாளில் மழுங்கிப்போகிறது. மற்றொன்று காய்ந்த கட்டையில் முதல் வெட்டு விழுந்தவுடனேயே வாய் சிதறி உடைகிறது. மழுங்கிய கத்தி வேலையைக் கெடுக்கிறது. உடைந்து தெறிக்கும் கத்தியோ கண்ணையும் விரலையும் கெடுக்கிறது. கைத்தொழிலையே நம்பி வாழும் குடும்பத்திற்கு ஒரு விரல் போவது சிறு நஷ்டமன்று.

ஆச்சரியம் என்னவெனில், மழுங்கிய கத்தியும் உடைந்த கத்தியும் ஒரே லாரிப் பட்டையிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டவையாகவே இருக்கலாம். குற்றம் பெரும்பாலும் இரும்பில் இல்லை. அதற்கு நெருப்பில் கொடுத்த பக்குவத்திலேயே இருக்கிறது. அந்தப் பக்குவம் மூன்று படிகளைக் கொண்டது. முதலில் காய்ச்சி மெல்ல ஆற்றுதல். அடுத்து காய்ச்சிச் சட்டெனக் குளிரவைக்கும் தோய்ச்சல். கடைசியாக இளஞ்சூட்டில் பதம் இறக்குதல். இம்மூன்றையும் நமது அங்கத்தினர்கள் தெளிவாக அறிந்துகொண்டால், நாகமலை புதுக்கோட்டையைச் சுற்றியுள்ள நம் ஊர்களில் பழைய இரும்பாகக் கிடக்கும் பொருளைக் கொண்டே பல்லாண்டு உழைக்கும் கத்தியைப் பெறலாம்.

நம் நாட்டுக் கைத்திறன்

இது நமக்குப் புதிய வித்தையன்று. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் ஆற்றங்கரையிலுள்ள கொடுமணலில் 1985-ஆம் ஆண்டு முதல் நடைபெற்ற அகழாய்வுகளில், இரும்பு உலைகளின் சுவடுகளும் எஃகு காய்ச்சிய மூசைகளின் எச்சங்களும் கிடைத்தன. தென்னிந்திய எஃகை 'ஊட்ஸ்' என்ற பெயரால் ஐரோப்பியர் அறிந்திருந்தனர். மைக்கேல் ஃபாரடே என்னும் ஆங்கில அறிஞர் 1819-ஆம் ஆண்டில் அதனை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். பின்னர் ஸ்டோடார்ட் என்னும் கத்தி செய்பவரோடு கூடி அதனையொத்த எஃகை உண்டாக்க முயன்றார்.

இன்றும் நமக்கு அண்மையிலேயே ஒரு சான்று இருக்கிறது. மதுரையிலிருந்து மானாமதுரை செல்லும் சாலையில், திருப்புவனத்தைத் தாண்டி இருக்கும் திருப்பாச்சேத்தியின் அரிவாள் தென் மாவட்டங்கள் எங்கும் பெயர் பெற்றது. அந்த அரிவாளுக்கு மூலப்பொருள் வேறெங்கிருந்தோ வரும் அபூர்வ உலோகமன்று. லாரிகளிலிருந்து கழித்த வில் பட்டையே. அதே பட்டை நம் ஊர்ப் பழைய இரும்புக் கடையிலும் எடைக்குக் கிடைக்கிறது. அதனை அரிவாளாக்குவது கொல்லரின் கண்ணும் கையும் கண்ட பதமே.

எந்த இரும்பு உதவும்?

இரும்பில் கலந்திருக்கும் கரியின் அளவே முதலில் நோக்க வேண்டியது. கரி மிகக் குறைவாக உள்ள இரும்பு எவ்வளவு காய்ச்சித் தோய்த்தாலும் கெட்டிப்படாது. கட்டடத்திற்கு இடும் கம்பி, ஜன்னல் கம்பி, தகடு, ஆணி ஆகியவற்றில் நூற்றுக்குக் கால் பங்கு அளவோ அதற்குக் குறைவாகவோதான் கரி இருக்கும். இவை கத்திக்கு உதவா. எவர்சில்வர்ப் பாத்திரத் தகடும் நெருப்பினால் கெட்டிப்படும் இனத்தைச் சேர்ந்ததன்று.

லாரி, பஸ் இவற்றின் வில் பட்டையில் நூற்றுக்கு அரைப் பங்கு முதல் அதற்குச் சற்று மேல் வரை கரி உண்டு. வெட்டரிவாளுக்கும் பொதுவான வீட்டுக் கத்திக்கும் இதுவே ஏற்றது. மரம் அறுக்கும் பெரிய வாளின் தகடு மெல்லியதாகையால் அடுக்களைக் கத்திக்கும் தறிக் கத்திக்கும் நன்கு பயன்படும். தேய்ந்த அரத்தில் கரி நூற்றுக்கு ஒரு பங்கிற்கு மேல் இருக்கும். சிறு கத்திக்கு மிக நல்லது, ஆனால் தோய்ச்சலில் சிறிது தவறினாலும் விரிசல் காணும். இயந்திர வாளின் சிறு பிளேடுகளில் பல வேறு வகை எஃகினால் ஆனவை. அவற்றைத் தோய்க்க ஏறத்தாழ 1,200 டிகிரிச் சூடு வேண்டும். கரி உலையில் அவற்றோடு போராடுவது வீண்.

சந்தேகம் இருப்பின் சாணைச் சக்கரத்தில் பிடித்துப் பார்க்கலாம். கரி குறைந்த இரும்பின் பொறிகள் நீண்ட கோடுகளாக ஓடி மறையும். கரி மிகுந்த எஃகின் பொறிகளோ மத்தாப்புப் போலக் கிளைகிளையாக வெடித்துச் சிதறும். இதைவிட உறுதியான சோதனையும் உண்டு. விரலளவு துண்டு ஒன்றை வெட்டி, காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, கெட்டித் துணியில் சுற்றிக் குறட்டில் பிடித்து அடித்து ஒடித்துப் பார்க்க வேண்டும். வளைந்து கொடுத்தால் அது கத்திக்கு ஆகாது. ஒடிந்த முகம் நொய்ப்பொடி போல மென்சாம்பல் நிறமாக இருந்தால் நல்ல எஃகு, சூடும் சரியானது. சர்க்கரைக் கட்டியை உடைத்தது போலப் பருமணியாகப் பளபளத்தால் எஃகு நல்லதே, ஆனால் சூடு மிஞ்சிவிட்டது என்று அறியலாம்.

ரயில் தண்டவாளத் துண்டும் அதன் பிணைப்புகளும் எவர் கொடுப்பினும் ஏற்கலாகாது. ரயில்வேச் சொத்தை முறையின்றி வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகும்.

இரும்புக்குள் நடப்பது யாது?

இதனைப் பாகு காய்ச்சும் தாய்மார் எளிதில் உணர்வர். சர்க்கரைப் பாகை அசையாமல் மெல்ல ஆறவிட்டால் கற்கண்டு தனியே பிரிந்து படிகிறது. அதே பாகை முற்றக் காய்ச்சிக் குளிர்ந்த நீரில் சொட்டினால் கண்ணாடி போல இறுகி, தட்டினால் நொறுங்குகிறது. பொருள் ஒன்றே, ஆறிய வேகமே வேறு.

எஃகும் ஏறத்தாழ இப்படியே. சுமார் 730 டிகிரிக்கு மேல் இரும்பின் உள்ளமைப்பு மாறி, கரி அதில் கரையத் தொடங்குகிறது. மெல்ல ஆறினால் கரி தனியே பிரிந்து, இரும்பு இளகிய தன்மை பெறுகிறது. சட்டெனக் குளிர்ந்தால் பிரிய நேரமின்றிக் கரி உள்ளேயே சிறைப்படுகிறது. அந்த இறுக்கமே கெட்டித்தன்மை. ஆனால் அந்நிலையில் எஃகு கண்ணாடியை ஒத்தது. அதனை மீண்டும் இளஞ்சூட்டில் வைத்தால் இறுக்கத்தில் ஒரு பங்கு தளர்ந்து, உடையாத உறுதி வருகிறது. பாவுக்குக் கஞ்சி குறைந்தால் இழை நைந்து போகிறது, மிஞ்சினால் முறிந்து போகிறது என்பதை நெசவாளர் அறிவர். கத்திக்கும் அளவறிந்து பதமிடுவதே தொழில்.

முதற்படி: காய்ச்சி ஆற்றுதல்

வில் பட்டை தொழிற்சாலையிலேயே பதமிடப்பட்டு வருவது. அப்படியே அரத்தைப் போட்டால் அரம் தேயுமேயன்றிப் பட்டை எளிதில் தேயாது, துளையும் இறங்காது. ஆகவே முதலில் அதனை இளக்க வேண்டும்.

உலைக்கு நம் பக்கம் எளிதில் கிடைக்கும் சீமைக் கருவேலங்கரியே போதும். துருத்தியாயினும் கையால் சுற்றும் காற்றுச் சக்கரமாயினும், காற்றை ஒரே சீராக விட வேண்டும். பட்டை முழுவதும் ஒரே சிவப்பாகக் காயும் வரை திருப்பித் திருப்பி வைக்க வேண்டும். சூட்டை அறிய நல்ல கருவி ஒரு சிறு காந்தம். ஒலிபெருக்கியின் பழைய காந்தத்தைக் கம்பியில் கட்டி வைத்துக்கொள்ளலாம். சுமார் 770 டிகிரியில் இரும்பு காந்தத்தை விட்டுவிடும். காந்தம் ஒட்டாத நிலைக்குச் சற்று மேலே காய்ந்ததும் பட்டையை எடுத்து, முன்னரே உலர்த்தி வைத்த உமிச்சாம்பலில் நன்றாகப் புதைத்து, இரவு முழுவதும் விட்டுவிட வேண்டும். சாம்பலில் ஈரம் இருத்தல் கூடாது. காலையில் எடுத்தால் அரம் வெண்ணெயில் இறங்குவது போல் இறங்காவிடினும், முன்போல் வழுக்காது.

இந்நிலையில் கத்தியின் உருவை அறுத்து, அராவி, பிடிக்குரிய ஆணித் துளைகளையும் இட்டுவிட வேண்டும். தோய்ச்சலுக்குப் பின் துளையிடுதல் பெருஞ்சிரமம். கூர்முனை வைக்கும் வேலையை மட்டும் இப்போது முடித்தல் ஆகாது. வாய்ப்பகுதி ஒரு மில்லிமீட்டர் கனத்திற்குக் குறையாமல் நிற்க வேண்டும். கூராக்கிவிட்டுத் தோய்த்தால் மெல்லிய வாய் அலையாகக் கோணும், அல்லது வெடிக்கும்.

அரிவாள் போன்ற வளைந்த கருவிக்குப் பட்டையை அடித்து நீட்ட வேண்டும். அது பழகிய கொல்லர் செய்யவேண்டிய வேலை. நாம் கவனிக்க வேண்டியது ஒன்றே: சிவப்பு மங்கிய பின்னும் சம்மட்டி போட்ட பட்டையில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கும். அடித்து முடித்த உருவை மும்முறை காந்தம் விடும் சூடு வரை காய்ச்சி, ஒவ்வொரு முறையும் காற்றில் ஆறவிட்டால், அடியினால் ஏற்பட்ட இறுக்கம் நீங்கி உள்மணி நுண்மையாகும்.

இரண்டாம் படி: தோய்ச்சல்

கொல்லர் வழக்கில் தோய்ச்சல் என்றும் துவைச்சல் என்றும் கூறப்படுவது இதுவே. இதனை வெயிலில் செய்யலாகாது. வெயிலில் சிவப்பு கண்ணுக்குத் தெரியாமையால் சூடு மிஞ்சிவிடும். கொல்லன் பட்டறை இருளாக இருப்பதன் காரணம் இதுவேயன்றி ஏழ்மை மட்டுமன்று. நிழலில், மாலைப் பொழுதில் பார்க்குமிடத்து, மங்கிய சிவப்பு போதாது. செம்பருத்திப் பூப் போன்ற தெளிந்த சிவப்பே வேண்டுவது. வில் பட்டைக்கு இது சுமார் 830 டிகிரி. மஞ்சள் நிறம் கண்டால் சூடு மிஞ்சிற்று. பொறி பறந்தால் அந்தத் துண்டு எரிந்துபோயிற்று.

எதில் தோய்ப்பது? நீர் மிக விரைவில் குளிரவைக்கும். மெல்லிய கத்தி நீரில் 'டிக்' என்ற ஓசையோடு விரிசல் விடும். பழகாதவர் எண்ணெயையே கைக்கொள்ள வேண்டும். கடலை எண்ணெய் போதுமானது. பலகாரம் சுட்டு மிஞ்சிய எண்ணெயையும் வடிகட்டி உபயோகிக்கலாம். வண்டியிலிருந்து வடித்த கழிவெண்ணெய் கூடாது. அதன் புகை நஞ்சு, கத்தியோ உணவைத் தொடுவது. கத்தியின் நீளத்தைவிட ஆழமான இரும்புப் பாத்திரத்தில் நாலைந்து லிட்டர் எண்ணெய் ஊற்றி, காய்ந்த இரும்புத் துண்டு ஒன்றைப் போட்டு, 50 அல்லது 60 டிகிரிக்கு வெதுவெதுப்பாக்கிக்கொள்ள வேண்டும். வெதுவெதுப்பான எண்ணெய் எளிதில் ஓடுவதால் கத்தியைச் சீராகக் குளிரவைக்கும்.

கத்தியை உலையிலிருந்து எடுத்ததும் தாமதமின்றி நேர்செங்குத்தாக எண்ணெயில் இறக்க வேண்டும். மேலும் கீழும் அசைக்கலாம். பக்கவாட்டில் அசைத்தால் கோணிப்போகும். கால் நிமிடம் சென்றபின் எடுத்துத் துடைத்து, வாயில் அரத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். கண்ணாடிமேல் போவது போல் அரம் வழுக்கினால் தோய்ச்சல் பிடித்தது. அரம் கவ்வினால் சூடு போதவில்லை என்று பொருள். மீண்டும் காய்ச்சித் தோய்க்கலாம்.

இந்நிலையில் கத்தியைக் கீழே போடலாகாது. கல் தரையில் விழுந்தால் இரண்டாகும்.

மூன்றாம் படி: பதம் இறக்குதல்

வாய் சிதறும் கத்திகளிற் பெரும்பாலானவை இப்படியில் குறைபட்டவையே. கெட்டியாகிவிட்டது, கூரும் நிற்கிறது, வேறென்ன வேண்டும் என்று பலர் இங்கேயே நிறுத்திவிடுகின்றனர். தோய்ச்சல் முடிந்த அன்றே, கூடுமானால் அந்த மணி நேரத்திலேயே, பதம் இறக்க வேண்டும். தள்ளிப்போட்டால் வைத்த இடத்திலேயே விரிசல் விடுவதும் உண்டு.

முதலில் கத்தியின் இருபுறமும் உப்புத்தாளால் தேய்த்து வெண்மையாக்க வேண்டும். பின், கனத்த இரும்புத் தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றி, அதன்மேல் கத்தியின் முதுகு படுமாறும் வாய் மேலே இருக்குமாறும் பிடித்து மெல்லச் சூடேற்ற வேண்டும். வெண்மையான பரப்பில் நிறங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிவரும். அந்நிறங்களே நமக்கு வெப்பமானி.

சுமார் 220 டிகிரியில் வெளிறிய வைக்கோல் நிறம் தோன்றும். அடுக்களைக் கத்திக்கும் தறிக் கத்திக்கும் இதுவே பதம். 240 டிகிரியில் பொன்னிறம். தோட்டத்துச் சிறு கத்திக்கு ஏற்றது. 255 டிகிரியில் பழுப்பும், 275 டிகிரியில் கத்தரிப்பூ நிறமும் வரும். கட்டையில் ஓங்கி விழும் வெட்டரிவாளுக்குப் பழுப்புக்கும் கத்தரிப்பூ நிறத்திற்கும் இடைப்பட்ட பதம் வேண்டும். 300 டிகிரியில் மயிற்கழுத்து நீலம் தோன்றும். அது வில்லுக்குரிய பதம், கத்தியின் வாய்க்கு இளக்கம் அதிகம். வேண்டிய நிறம் வாய்க்கு வந்தவுடன் கத்தியை எடுத்து ஆற்றிவிட வேண்டும். மீண்டும் தேய்த்து வெண்மையாக்கி, இரண்டாம் முறையும் அவ்வாறே செய்தல் நலம்.

அரிவாளுக்குப் பல கொல்லர்கள் இரு வேலையையும் ஒரே சூட்டில் முடிப்பர். வாயை மட்டும் விரற்கடை ஆழம் தோய்த்து எடுத்து, ஒரு கல்லால் அதனை விரைந்து தேய்த்துப் பளபளப்பாக்குவர். முதுகில் தங்கிய சூடு வாயை நோக்கி ஓடிவர, நிறமும் கூடவே வரும். முதுகின் சிவப்பு முற்றும் மறைந்து, வாயில் வேண்டிய நிறம் கண்டதும் முழுவதையும் குளிரவைப்பர். வாய் கெட்டியாகவும் முதுகு இளக்கமாகவும் அமைவதால், அத்தகைய அரிவாள் வளைந்தாலும் எளிதில் ஒடியாது. கண்ணிமைப்பொழுதில் முடிய வேண்டிய இவ்வேலைக்குப் பல்லாண்டுப் பழக்கம் தேவை. கொல்லர் கேட்கும் கூலி அப்பழக்கத்திற்கே என்பதை நாம் மறத்தலாகாது.

சாணையிடும்போது கவனம் வேண்டும். விரைந்து சுழலும் சக்கரத்தில் வாய் நீலம் பாரித்தால் அந்த இடத்தில் பட்ட பாடெல்லாம் போயிற்று. அடிக்கடி நீரில் நனைத்துக்கொண்டு, கடைசிக் கூரைக் கையால் கல்லில் தீட்டுதலே முறை.

எச்சரிக்கை

தோய்க்கும் எண்ணெய் தீப்பற்றக்கூடும். பாத்திரத்திற்குப் பொருந்தும் இரும்பு மூடியும் ஒரு வாளி மணலும் அருகிலேயே இருக்க வேண்டும். எண்ணெய்த் தீயில் நீரை ஊற்றினால் அது பொங்கிப் பரவும். ஓலைக் கூரையின்கீழும், தறியும் நூலும் இருக்கும் இடத்திலும் உலை வைக்கலாகாது. உடுப்பது பருத்தித் துணியாக இருக்கட்டும். செயற்கை இழைத் துணி நெருப்பில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். துத்தநாகம் பூசிய இரும்பை உலையிலிட்டால் எழும் வெண்புகை காய்ச்சலையும் மூச்சுத் திணறலையும் தரும். சாணையிடுவோர் கண்ணாடி அணிதல் கட்டாயம். வண்டியில் பூட்டிய வில் பட்டைகளை நாமே கழற்ற முற்படாமல், கழற்றிய பட்டையையே வாங்க வேண்டும்.

சட்டத்தையும் ஒரு சொல் கூறவேண்டும். வீட்டுக்கும் வேளாண்மைக்கும் மட்டுமே உரிய பொருள்களை 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் ஆயுதமாகக் கொள்வதில்லை. ஆயினும் 2021-ஆம் ஆண்டில் தமிழகக் காவல்துறை, அரிவாள் வாங்குவோரின் பெயரையும் விலாசத்தையும் பதிந்துகொள்ளுமாறு பட்டறைகளுக்கு அறிவுறுத்தியது. விவரம் கேட்கும் கொல்லரிடம் கோபிக்காமல் சொல்லிவிடுதல் அவருக்கும் நமக்கும் பாதுகாப்பு.

சங்கத்தின் கடமை

ஒருவர் தனியே உலையும் எண்ணெயும் சாணையும் சேர்ப்பது ஒரு கத்திக்காகத் தறி வாங்குவதை ஒக்கும். பத்து வீட்டார் கூடினால் அந்தச் செலவு பெரிதன்று. அறுவடைக்கு முந்திய மாதத்தில், ஊர்க் கொல்லர் ஒருவரை உரிய கூலி கொடுத்து அழைத்து, சங்கக் கட்டடத்தின் வெளிப்புறத்தில் இரண்டு நாள் உலை போடலாம். அங்கத்தினர் தத்தம் மழுங்கிய அரிவாளையும், வாங்கி வைத்த பட்டைத் துண்டையும் கொண்டுவரலாம். உருவை அராவுவதும் பிடி போடுவதும் நம் இளைஞர் செய்யட்டும். அடிப்பதும் தோய்ப்பதும் கொல்லர் கையில் இருக்கட்டும். வேலை முடிந்த ஒவ்வொரு கத்தியையும் காய்ந்த மூங்கிலில் பத்து வெட்டு வெட்டிப் பார்த்து, வாய் மடங்காமலும் சிதறாமலும் இருந்தால் மட்டுமே வீட்டுக்கு அனுப்ப வேண்டும். மடங்கினால் மறுபடி தோய்க்கலாம். சிதறினால் பதம் இன்னும் சிறிது இறக்கலாம். இரண்டுக்கும் பரிகாரம் உலையருகிலேயே இருக்கிறது.

கொல்லருக்கு அந்த மாதம் நிச்சயமான வருவாய், இளைஞர்க்குத் தொழிலறிவு, நமக்கு நம்பத்தக்க கருவி. அடுத்த கூட்டத்தில் இதனை ஒரு பொருளாக எடுத்துக்கொண்டு ஆலோசிக்க அங்கத்தினர்கள் முன்வருவார்கள் என நம்புகிறோம்.